தங்கமீனுக்கு அறுவை சிகிச்சை: மயக்க மருந்து செவுள் வழியே

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடையில் வாங்கிய தங்கமீனின் விலாவில் கட்டி வளர்ந்தால் அதை வெட்டி எடுக்கலாம். வெட்டும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மீன் பிழைக்குமா என்பதைப் பெரும்பாலும் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது.

அறுவைக்கு முந்தைய நாள் தீனி கிடையாது. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் செவுள் அடைத்துக்கொள்ளும். மருந்தைத் தண்ணீரில் கலந்தாலே போதும், செவுள் அதை நேராக ரத்தத்தில் சேர்த்துவிடும். வழக்கமான மருந்து எம்.எஸ். 222 என்ற வெள்ளைத் தூள். மயங்க லிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராம். மயக்கம் நீடிக்க அதில் பாதி.

இந்தத் தூள் அமிலம். அதனால் அதே எடை அல்லது இரு மடங்கு சமையல் சோடா சேர்க்க வேண்டும். சென்னையின் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் அமிலத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ‘சுத்தமான தண்ணீர்தானே’ என்று சோடா சேர்க்காமல் கேன் வாட்டரை ஊற்றினால் வம்பு: தாங்க உப்பு மிகக் குறைவு என்பதால் பி.எச். (அமில-கார அளவு) மளமளவென்று சரியும், செவுள் புண்ணாகும். மீன் ஏற்கெனவே நீந்திக்கொண்டிருந்த தொட்டித் தண்ணீரே நல்லது. குழாய்த் தண்ணீர் என்றால் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போட்டுக் குளோரினை முறித்த பிறகே.

கிராம்பு எண்ணெயும் மயக்கும். ஆனால் கடைக்குக் கடை அதன் வீரியம் மாறும், தெளியவும் நேரமாகும். தண்ணீரில் கரையாததால், ஒரு பங்கு எண்ணெயை ஒன்பது பங்கு எத்தனாலில் கலந்து, லிட்டருக்கு 0.4 மில்லி விடுவார்கள்.

மீன் முதலில் தள்ளாடும், பிறகு சாயும். வால் அடியைக் கிள்ளினாலும் அசையாவிட்டால் மேசைக்குத் தயார். செவுள் மூடி மெதுவாகவேனும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றுபோனால் உடனே மருந்தில்லாத தண்ணீர். இதயம் துடிப்பதை நம்பக்கூடாது; மூளை செத்த பிறகும் அது நெடுநேரம் துடிக்கும்.

நடுவில் பிளவு வெட்டிய ஈரப் பஞ்சில் மீனைப் படுக்கவைத்து, சிறு பம்பின் குழாயை வாய்க்குள் விடுவார்கள். மருந்துத் தண்ணீர் வாய் வழியே நுழைந்து செவுள் வழியே வெளியேற வேண்டும், திசை மாறக்கூடாது. செவுளில் ரத்தம் தண்ணீருக்கு எதிர்த்திசையில் ஓடுவதால்தான் ஆக்சிஜன் அதிகமாகக் கிடைக்கிறது. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஊர் வெயிலில் மருந்துத் தண்ணீர் வாளிக்குள் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) கட்டாயம்.

தோலை ஸ்பிரிட் வைத்துத் தேய்க்கக்கூடாது. மேலிருக்கும் கோழைப் படலம்தான் கிருமிகளுக்குத் தடை. கத்தி போகும் கோட்டில் மட்டும் செதில்களைப் பிடுங்குவார்கள். மீன் தோல் அதிகம் இழுபடாது. எனவே பெரிய கட்டியை எடுத்த இடத்தைத் தைத்து மூட முடியாமல் திறந்தே விடுவதும் உண்டு. தைத்தால் ஒற்றை இழை நைலான். தானே கரையும் நூல் மீன் உடம்பில் லேசில் கரையாது. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி மயக்கித்தான் பிரிக்க வேண்டும்.

நன்னீர் மீனின் ரத்தம் தொட்டி நீரைவிட உப்பானது. அதனால் காயம் வழியே தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் கல் உப்பு அந்தச் சுமையைக் குறைக்கும். ஆன்டிபயாட்டிக்கை ஊசியாகப் போடுவதே மேல். தொட்டியில் கொட்டினால் ஃபில்டரில் வாழ்ந்து அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியாவும் சாகும்; அம்மோனியா ஏறி, தைத்த மீனோடு மற்ற மீன்களும் போய்விடும்.