ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்

சென்ற வாரம் கோலாலம்பூர், செந்தூலில் உள்ள ஒரு சிறிய அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தபோது, பதினோரு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த திருமணப் பத்திரிகை வடிவமைப்புகள் அனைத்தின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன, ஒன்றுகூடத் திறக்கவில்லை. காப்புப் பிரதி எடுத்த வெளிவன்தட்டு எந்நேரமும் அதே கணினியில் செருகியே இருந்ததால், அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது. அந்தக் கணினியில் ஓடியது விண்டோஸ் 7. இந்த ஆண்டில் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது கணினி இது. முந்தைய இருவர் கேட்டதையேதான் உரிமையாளரும் கேட்டார்: "வருஷா வருஷம் காசு கட்டி ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேனே, தம்பி?"

இதற்கு நின்று பதில் சொல்லியாக வேண்டும். ஆன்டிவைரஸ், உள்ளே வரும் கோப்புகளையும் மென்பொருள்களின் நடத்தையையும் பார்த்து, தீயதென்று அடையாளம் தெரிந்ததைத் தடுக்கிறது. விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் நிரலிலேயே உள்ள ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. அந்த இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் வெளியிடும் திருத்தம்தான் அடைக்கும். 2017 மே மாதம் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல், யாரும் எதையும் சொடுக்காமலேயே, கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்த ஓட்டை வழியாகக் கணினிவிட்டுக் கணினி தாவியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவோ 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. அதன் பிறகு புதிய பதிப்புகளுக்கு வரும் ஒவ்வொரு திருத்தமும், பழைய பதிப்பிலும் அதே நிரல் இருக்குமானால், எங்கே தட்டினால் திறக்கும் என்பதைத் திருடனுக்குக் காட்டிக்கொடுக்கிறது. "என் கணினியில் திருட என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: இணையம் முழுவதையும் தட்டிப் பார்க்கும் நிரலுக்கு உங்களைத் தெரியாது, திறந்த கதவு மட்டுமே தெரியும்.

விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் கேட்கிறது. நிறுவும்போது இவை உள்ளனவா என்று அது பார்க்கும் சோதனையை ஏமாற்றி நிறுவித் தரும் வேலையை நான் அலுவலகக் கணினிகளுக்குச் செய்வதில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள். அதற்காகப் புதுக் கணினி வாங்கியே தீர வேண்டும் என்பதும் இல்லை. கடிதம், கணக்கு, மின்னஞ்சல், உலாவி வழியே வங்கி ஆகிய வேலைகள் மட்டுமே உள்ளவர்களுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமே போதும்.

லினக்ஸ் பல வடிவங்களில் கிடைக்கிறது, அவற்றை வழங்கல்கள் என்பார்கள். எந்த வழங்கல் என்பதில்தான் குழப்பம். விண்டோஸில் பழகியவர்களுக்கு நான் லினக்ஸ் மின்ட்டையே போட்டுத் தருகிறேன். நினைவகம் 4 ஜிபி மட்டுமே உள்ள பழைய கணினியென்றால் அதன் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உபுண்டு என்ற வழங்கல் வேண்டுமென்றால் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள், அதற்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு, இடைப்பட்ட பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை சொன்னான் என்று காலி (Kali) லினக்ஸைக் கடைக் கணினியில் ஏற்றாதீர்கள். அது பாதுகாப்புச் சோதனை செய்வோருக்காக உருவாக்கப்பட்டது. லினக்ஸும் காலாவதியாகும் என்பதை மறந்து, 2016இல் வந்த உபுண்டு 16.04ஐ இன்னும் ஓட்டும் அலுவலகங்கள் உள்ளன. எல்டிஎஸ் மேம்படுத்தல் ஒரு படி தாண்டி நேரே போகாது, 20.04இலிருந்து 22.04, பிறகுதான் 24.04. இரண்டு படி பின்தங்கியிருந்தால் புதிதாக நிறுவிவிடுவதே எளிது.

அச்சகங்களின் நிலை வேறு. ஃபோட்டோஷாப் லினக்ஸில் நேரடியாக ஓடாது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் செய்த பழைய வேலைகளைத் திறக்கப் பழைய மென்பொருளும் தேவைப்படலாம். அப்படியானால் அந்தக் கணினியை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இணையக் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள். மின்னஞ்சலுக்கு வேறு கணினி இருக்கட்டும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் கோப்புகளை வெளிவன்தட்டில் எடுத்து, நாலைந்தை வேறொரு கணினியில் திறந்து பார்த்து, வன்தட்டைக் கழற்றி மேசை இழுப்பறையில் வையுங்கள். பிறகு மின்ட்டைப் பென்டிரைவிலிருந்தே, எதையும் நிறுவாமல், ஓடவிட்டுப் பாருங்கள். வைஃபை எடுக்கிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா, தமிழ்99 விசைப்பலகையில் உங்கள் கை தடுமாறாமல் தட்டச்சு செய்கிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். என்னிடம் வருவதாக இருந்தால், அச்சுப்பொறியின் மாதிரி எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள். பாதி நாள் அதைத் தேடுவதிலேயே போய்விடுகிறது.