மேல் கை வலித்தால் கீழ்க் கையைப் பாருங்கள்

காரைக்குடியில் என்னிடம் தோள்வலி என்று வருகிறவர்கள் பெரும்பாலும் சமையல் வேலை பார்ப்பவர்கள், கண்டாங்கி நெய்பவர்கள், சர்க்கரை நோயால் தோள் இறுகிப்போனவர்கள். போன பொங்கலுக்கு வந்தவர் இவர்களில் யாருமில்லை. கானாடுகாத்தான்காரர், ஐம்பதைத் தாண்டியவர், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வேலை. வலது தோளும் முழங்கையின் வெளிப்பக்கமும் வலி. என்ன செய்து வலி வந்தது என்று கேட்டேன். “மீன் பிடிச்சேன்” என்றார்.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் மீன் பிடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, சனிக்கிழமை ஒரே நாளில் எட்டு மணி நேரம் ஆற்றில் இறங்கித் தூண்டில் வீசியிருக்கிறார். அடுத்து தூண்டில் வீச்சுக்கான மூன்று நாள் தீவிரப் பயிற்சி வகுப்பில் சேரப் போவதாகவும், அதற்குள் தோளைச் சரிசெய்து தர வேண்டும் என்றும் கேட்டார். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் ஃப்ளை ஃபிஷிங் என்ற இந்த மீன்பிடி விளையாட்டில் இறங்குவதால்தான் இதை எழுதுகிறேன்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் கொக்கியில் இருப்பது இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சி. அதற்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. லைன் என்கிற தடித்த தூண்டில் கயிற்றுக்குத்தான் எடை. அதை வீசினால் பூச்சி கூடவே போகும். கரையில் மரமும் மேடும் இருந்தால் லைனை முழுசாகப் பின்னால் வீச இடமிருக்காது. அதனால் 12 முதல் 15 அடி நீளக் கோலை இரண்டு கையாலும் பிடித்து, லைனின் நுனியைப் பக்கத்துத் தண்ணீரில் படியவிட்டு, மிச்சத்தைப் பின்பக்கம் வில் போல வளைத்து, அங்கிருந்து முன்னே அடிக்கிறார்கள். இந்த வீச்சுக்கு ஸ்பே காஸ்டிங் என்ற பெயர் ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றிலிருந்து வந்தது. லைன் நுனியைத் தண்ணீர் ஒரு கணம் பிடித்துக்கொள்வதுதான் இதில் சூட்சுமம். எனவே புல்தரையில் மட்டும் சொல்லித் தருகிற வகுப்பு இதற்குப் போதாது.

அவர் நான்கு துண்டாகக் கொண்டுவந்திருந்த 13 அடிக் கோலை என் அறையில் பூட்ட முடியவில்லை. அவர் வீட்டுக்கே போனேன். வளவில் நின்று, லைன் இல்லாமல் வெறும் கோலை வீசச் சொன்னேன். கோலை மேலே பிடிக்கும் மேல் கையின் விரல் முட்டிகள் வெளுத்துப்போகிற அளவுக்குப் பிடி. தோள் காது வரை ஏறியிருந்தது. அடியில் பிடிக்கும் கீழ்க் கை? சும்மா கோலைத் தொட்டுக்கொண்டிருந்தது. திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் அம்மா, “ஏன்டா, வலை வீசுறவன்கூட இப்படி மல்லுக்கட்ட மாட்டானே” என்றார். ஆச்சி சொன்னது அப்படியே உண்மை.

இரண்டு கைக் கோல் என்பது ஒரு நெம்புகோல். மேல் கை வழி காட்ட வேண்டும், கீழ்க் கை கோலின் அடியை வயிற்றை நோக்கி இழுக்க வேண்டும். அந்த இழுப்பு இல்லாவிட்டால் 13 அடிக் கோலின் முழுப் பாரமும் ஒரு தோளில் விழும். வலி எங்கே வருகிறது என்று பார்த்தாலே பிழை எங்கே என்று பல நேரம் தெரிந்துவிடும். மேல் கையைக் கட்டைவிரல், அடுத்த இரண்டு விரலால் மட்டும் பிடிக்கச் சொன்னேன். அப்படிப் பிடித்தால் மேல் கையால் தள்ள முடியாது, கீழ்க் கை தானாக வேலைக்கு வரும். பத்து வீச்சில் தோள் இறங்கிவிட்டது.

ஆனால் நான் வீச்சு ஆசிரியன் இல்லை. அதற்கு ஆள் வேண்டும். ஃப்ளை ஃபிஷர்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு இரு கை வீச்சுப் பயிற்றுநர்களுக்கென்றே தனிச் சான்றிதழ் தருகிறது. பிரிட்டனில் கேம் ஆங்க்ளிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் அசோசியேஷன் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் நல்லது. அது மட்டும் போதாது. ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். நாலு பேருக்கு மேல் போனால் உங்கள் கையைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்காது. தானே அழகாக வீசிக் காட்டுகிறவரைவிட, உங்களை வீசவிட்டு ஒரே ஒரு பிழையைச் சொல்கிறவர் மேல். வலது கை மேலே, இடது கை மேலே என்று இரண்டும் சொல்லித் தருவாரா என்றும் கேளுங்கள். காற்று அடிக்கிற பக்கத்துத் தோளிலிருந்து வீசினால் கொக்கி முகத்துக்கு வரும். பக்கம் மாற்றத் தெரிந்தே ஆக வேண்டும். தோள்களுக்கும் அது மாறி மாறி ஓய்வு.

நேராக மூன்று நாள் வகுப்பில் போய் விழாதீர்கள் என்பதுதான் நான் அவரிடம் வற்புறுத்திச் சொன்னது. முதலில் தனியாக இரண்டு மணி நேரப் பாடம் ஒன்று எடுங்கள். அதில் தெரிந்த பிழையை ஒரு மாதம் தினமும் கால் மணி நேரம் சரிசெய்யுங்கள். அப்புறம் தீவிர வகுப்பு. ஒரே மூச்சில் கற்றது அன்றைக்குக் கைவந்தது போலத் தெரியும், வாரம் கழித்துக் காணாமல் போகும். நாள் இடைவிட்டுப் பழகியதுதான் உடம்பில் தங்கும். வகுப்பு முடிந்த பிறகும் அந்தக் கால் மணி நேரத்தை விட்டுவிடக் கூடாது.

தோளுக்குக் குறைந்தது ஆறு வாரம் கொடுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி, ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்ப்பது. உட்கார்ந்தபடி மார்பைத் திருப்புவது. இவ்வளவுதான். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகும் வாய்ப்பு அதிகம், அவர்கள் ஆரம்பிக்கும் முன்பே தோளைக் காட்டிவிடுங்கள். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கையைத் தூக்கவே முடியாத பலவீனம் இருந்தால் கோலை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஜனவரியாக இருந்ததால் கண்மாயில் தண்ணீர் கிடந்தது. மீன் ஏலம் எடுத்தவரிடம் சொல்லிவிட்டு, கொக்கி கட்டாமல், நுனியில் சிவப்புக் கம்பளி நூல் மட்டும் முடிந்து, கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு காலையில் கால் மணி நேரம் வீசினார். ஆறாம் நாள் இடது கையை மேலே வைத்து முதல் முறையாக லைன் நேராகப் போய் விழுந்தது. கரைக்கு வந்ததும் ஆசிரியரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் போனில் எழுதிக்கொண்டார்: “என் மேல் கைப் பிடியைப் பாருங்கள், தோள் ஏறினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.”