பஸ்ஸுக்காக நிற்கும் பத்து நிமிடம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பனி கொட்டுவது பெரிய செய்தி இல்லை. ராத்திரி கொட்டியதை விடிவதற்குள் வண்டிகள் வந்து தள்ளிவிடும். பிள்ளைகளும் பெரும்பாலும் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அதே ஊரில், வானம் பளிச்சென்று இருக்கும் நாளில் பள்ளிகளை மூடுவதும் உண்டு. 2014 ஜனவரி 6 அன்று ஆளுநர் மார்க் டேட்டன் மாநிலம் முழுக்கப் பள்ளிகளை மூடச் சொன்னார். 17 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. காரணம் குளிர்.

வடதுருவத்துக் காற்று கனடா வழியாக இறங்கும்போது குறுக்கே தடுக்க மலை ஏதும் கிடையாது. மேகம் இருந்தால் போர்வை மாதிரி தரையின் சூட்டைப் பிடித்துவைக்கும். இல்லையென்றால் ராத்திரி முழுக்க அந்தச் சூடு வானத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். தரையில் கிடக்கும் பனியோ மண்ணுக்குள் இருக்கும் கதகதப்பை மேலே வர விடாது. இப்படிக் குறைந்துகொண்டே போய், சூரியன் எழும் நேரத்தில்தான் குளிர் உச்சத்தைத் தொடுகிறது. ஜனவரியில் அந்த மாநிலத்தின் பெரிய நகரமான மினியாபொலிஸில் சூரியன் எழ ஏறக்குறைய 7.50 ஆகிவிடும். பல பிள்ளைகள் தெருமுனையில் ஸ்கூல் பஸ்ஸுக்காக நிற்பது அதற்குச் சற்று முன்னால், இருட்டில். நாளின் மிக மோசமான வேளையும் பள்ளிக்குக் கிளம்பும் வேளையும் ஒன்றாக அமைந்துவிட்டதுதான் சிக்கலே.

அப்புறம் காற்று. நம் தோலை ஒட்டி மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் ஒன்று இருக்கும். வீசும் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். மைனஸ் 29 டிகிரி செல்சியஸில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், முகத்துக்கு அது மைனஸ் 43 மாதிரி. இதைத்தான் ‘விண்ட் சில்’ என்கிறார்கள். அந்த நிலையில் மூடாத தோல் பத்து நிமிடத்தில் உறைய ஆரம்பிக்கும். 2001இல் வந்த இந்தக் கணக்குக்காகக் கனடாவில் 12 பேரைக் காற்றுச் சுரங்கத்தில் நடக்கவைத்துச் சோதித்தார்கள். எல்லாரும் பெரியவர்கள். சின்ன உடம்பில் எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம். சூடு இன்னும் சீக்கிரம் போகும். கையுறை ஒன்றைத் தொலைத்துவிட்டு நிற்கும் ஆறு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். விரல் முதலில் வலிக்கும், பிறகு மரத்து வெளுத்துப்போகும். வலி நின்றதும் பிள்ளை புகார் சொல்வதையும் நிறுத்திவிடும். எனக்கு மிகவும் பயம் தருவது அந்த மௌனம்தான்.

பஸ் நேரத்துக்கு வருமா என்பதும் நிச்சயமில்லை. கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். பேட்டரி சோர்ந்துபோகும். பத்து நிமிடக் காத்திருப்பு அரை மணியாகிவிடலாம்.

பெரும்பாலான நாட்களில் முடிவெடுப்பது மாநிலம் அல்ல, அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின், அதாவது ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், தலைமை அதிகாரி. விடியுமுன்னே எழுந்து வானிலை எச்சரிக்கை, சாலை நிலவரம், பஸ் கிளம்புகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சில நாள் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறப்பார்கள்: வெளிச்சம் வந்துவிடும், பஸ்களைச் சூடாக்க நேரமும் கிடைக்கும். 2019 ஜனவரி 30 அன்று மினியாபொலிஸில் மைனஸ் 33 வரை இறங்கியபோது அந்த இரண்டு மணி நேரமும் உதவியிருக்காது, மூடத்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் மூடுவது லேசான முடிவு இல்லை. காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பள்ளியையே நம்பியிருக்கும் பிள்ளைகள் அங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.