ஸ்கேலிங் மேல் பழியைப் போடாதீர்கள்

"பல் கிளீன் பண்ணினேன் டாக்டர், அதுக்கப்புறம்தான் ஈறு இறங்கி, பல்லுக்கு நடுவுல சந்து விழுந்துடுச்சு." இந்த வாரமும் ஒருவர் சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் வருடக்கணக்காகப் பல் மருத்துவர் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லையாம். கீழ் முன்பற்களின் பின்பக்கம் காரை (கல்போல் இறுகிய அழுக்கு) தட்டுத் தட்டாகப் படிந்து, நாக்குக்குப் பல்லே தட்டுப்படாத அளவுக்கு இருந்தது. இரண்டு பற்கள் விரலால் தொட்டாலே ஆடின.

எத்தனை முறை சொன்னாலும் தீராத விஷயம் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். காரை ஈறுக்கடியில் இறங்கும்போது ஈறு வீங்குகிறது, உள்ளே எலும்பு கரைகிறது. கரைந்த இடத்தைக் காரையும் வீக்கமும் சேர்ந்து மறைத்து வைத்திருக்கின்றன. ஸ்கேலிங், அதாவது பல் சுத்தம், செய்ததும் காரை போகிறது, சில நாளில் வீக்கமும் வற்றுகிறது. ஈறு எலும்பு இருக்கும் மட்டத்துக்குப் போய் உட்காருகிறது. சந்து அப்போதுதான் உங்கள் கண்ணில் படுகிறது, ஆனால் விழுந்தது எப்போதோ. பல் ஆடுவதும் அப்படித்தான்: இத்தனை நாள் காரைதான் பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. வேர் வெளியே தெரிவதால் கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும்.

"மெஷின் எனாமலைச் சுரண்டாதா?" சுரண்டாது. ஸ்கேலரின் முனை மழுங்கியது. நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிர்ந்து காரையை உதிர்க்கிறது, அவ்வளவுதான். (வேரில் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் தேயும். அப்படிப் பிடிக்காமல் இருக்கத்தான் படித்துவிட்டு வருகிறோம்.)

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு: சுத்தக்காரர்கள். வாயில் காரை துளியும் இருக்காது, ஆனால் கோரைப்பல்லின் கழுத்தில் நகத்தை வைத்தால் பள்ளத்தில் மாட்டும். வலக்கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் இது அதிகம். கெட்டி பிரஷை வைத்துக் குறுக்கே அறுத்ததில் ஈறு இறங்கி, வேர் வெளியே வந்ததன் பலன். வேரில் எனாமல் கிடையாது, சீக்கிரம் தேயும், சொத்தையும் எளிதாக விழும். ஒரே மாதத்தில் பிரஷின் நார்கள் விரிந்துபோனால் குறை பிரஷில் இல்லை, உங்கள் கையில்.

பிறவியிலேயே மெல்லிய ஈறு, வரிசை தவறி வெளியே தள்ளிய பல், சரியாகப் பொருந்தாத செயற்கைப் பல்செட் இவையும் ஈறு இறங்கக் காரணங்கள். புகையிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். புகைப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் வராது. "எனக்கு ரத்தமே வர்றதில்லை" என்று பெருமையாகச் சொல்பவரின் எக்ஸ்ரேயைப் பார்த்தால் எலும்பு பாதி இருக்காது.

சரி, சிகிச்சை? இறங்கிய ஈறு தானாக ஏறாது. எதைத் தடவினாலும், எதைக் கொப்பளித்தாலும் ஏறாது. முதல் வேலை, மேலும் இறங்காமல் நிறுத்துவது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆழம் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் பயமில்லை. அதற்கு மேல் போனால் வேர்வரை ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டிவரும். கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசை உதவும், ஆனால் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே பற்பசையை மாற்றாதீர்கள். பல்லின் கழுத்தில் தேய்ந்து விழுந்த பள்ளத்தை அடைத்துவிடலாம். அண்ணத்திலிருந்து திசு எடுத்து வேரை மூடும் அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது. பற்களுக்கு நடுவிலுள்ள எலும்பும் ஈறும் குறையாமல் இருந்தால்தான் அதில் வேர் முழுதாக மூடும் வாய்ப்பு உண்டு. அதுவும் கரைந்த பிறகு வந்தால் ஓரளவுதான் முடியும்.

மென்மையான பிரஷ் வாங்குங்கள். ஈறோரத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக, 2 நிமிடம் தேயுங்கள். முஷ்டியில் பிடிக்காமல் பேனாவைப் போலப் பிடித்தால் அழுத்தம் தானாகவே குறையும். அப்புறம், தயவுசெய்து, ரத்தம் வருகிற இடத்தைத் தேய்க்காமல் விட்டுவிடாதீர்கள். அழுக்கு தங்குவதால்தான் அங்கே ரத்தம் வருகிறது. இரண்டு வாரம் மென்மையாகத் தேய்த்தும் நிற்கவில்லையென்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.