பேனல் உட்காரவில்லை என்றால் தட்டி உட்கார வைக்காதீர்கள்

வேலூர்ப் பக்கம் காரின் வெளிப்பாகங்களை, அதாவது பேனல்களை, வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்பவர்கள் இப்போது நிறைய. பம்பர், ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு), கதவோரப் பட்டை எல்லாம் ஆன்லைனில் கிடைக்கின்றன. பழையது போதும் என்றால் சென்னை புதுப்பேட்டையில் தேடி எடுத்து வருகிறார்கள். டிங்கரிங் பட்டறை நடத்துகிறவன் என்பதற்காக இதை வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. போல்ட்டிலும் கிளிப்பிலும் நிற்கிற பாகத்தைப் பொறுமை உள்ள யாரும் மாட்டலாம். முன் பின் பம்பர், முன் ஃபெண்டர் இரண்டும் அப்படிப்பட்டவை. பானட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். கதவை மட்டும் வீட்டில் கழற்ற வேண்டாம். கனம் அதிகம், உள்ளே ஒயரும் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் கம்பியும் இருக்கின்றன. பின் சக்கரத்துக்கு மேலுள்ள தகடும் கூரையும் வெல்டிங்கில் நிற்பவை, அவை பட்டறை வேலை.

வீட்டில் மாட்டியபின் என்னிடம் வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே குறைதான். “இன்னாண்ணா, எல்லா போல்ட்டும் போட்டுட்டேன், லைட்டுக்குப் பக்கத்துல மட்டும் விரல் போற அளவுக்கு கேப் நிக்குது.” குனிந்து பார்த்தால் ஃபெண்டரின் போல்ட் துளையை டிரில் போட்டுப் பெரிதாக்கியிருப்பார்கள். பம்பர் ஓரத்தை அறுத்திருப்பார்கள். சிலர் ரப்பர் சுத்தியால் தட்டியே உட்கார வைத்திருப்பார்கள்.

கம்பெனித் துளை கம்பெனி அளவில்தான் இருக்கும். புதுப் பேனல் அதில் உட்கார மறுத்தால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். ஒன்று, பேனலே மட்டமான அச்சில் வார்த்தது. இல்லையென்றால் உள்ளே ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டமோ ஃபெண்டர் நிற்கிற உள்தகடோ வளைந்திருக்கிறது. இந்த இரண்டாவதைத்தான் நான் அஞ்சுகிறேன். மோதலின் அடையாளம் அந்த கேப் வழியாகத்தான் வெளியே தெரிகிறது. அதை இழுத்து மூடிவிட்டால் வண்டி பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே வளைந்தது வளைந்தபடியே இருக்கும். ஏர்பேக் உள்ள பல வண்டிகளில் மோதலை உணரும் சென்சார் அந்த முன்பகுதியில்தான் இருக்கிறது. அதைத் தாங்கும் தகடு திரும்பியிருந்தால், அடுத்த மோதலில் ஏர்பேக் சரியான நேரத்தில் விரியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பம்பர் என்று நாம் வாங்குவது வெறும் பிளாஸ்டிக் மேலுறை. மோதலைத் தாங்குவது பல வண்டிகளில் அதன் பின்னால் இருக்கும் உலோகக் கட்டையும், அதன்மேல் உட்காரும் ஃபோமும். புது உறை சரியாகப் படியவில்லை என்று அந்த ஃபோமைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேலுறை நெளிந்திருந்தாலும் பரவாயில்லை, பின்னால் உள்ளது முழுசாக இருக்க வேண்டும்.

பெங்களூருவில் தயாரான ரேவா மின்சாரக் காருக்கு இரும்புச் சட்டத்தின்மேல் ஏபிஎஸ் பிளாஸ்டிக் பேனல்கள்தான் உடம்பு. அதில்கூடத் தாங்குவது சட்டம்தான், பேனல் இல்லை.

வேலைக்கு முன் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். ஏர்பேக் சர்க்யூட்டில் மிச்சம் இருக்கும் மின்சாரம் இறங்க வேண்டும். கழற்றும்போதே ஒவ்வொரு கிளிப்பையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாக் லேம்ப் ஒயரைக் கழற்றாமல் பம்பரை இழுத்தால் கனெக்டர் பிய்ந்துவிடும். மாட்டும்போது எந்த போல்ட்டையும் முதலிலேயே முறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கையால் இரண்டு மூன்று சுற்று ஏற்றிவிட்டு, முதலில் ஃபெண்டரைக் கதவோடு ஒப்பிட்டு கேப் சரி பாருங்கள். அப்புறம் பானட்டோடு. ஹெட்லைட் அதற்குப் பிறகு, பம்பர் கடைசியில். வண்டியின் மறுபக்கத்து கேப்தான் உங்கள் அளவுகோல். கதவின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் பெயிண்ட் பிழைக்கும். பத்தாம் நம்பர் போல்ட்டுக்கு மணிக்கட்டு பலமே போதும். தோள் பலத்தைக் காட்டினால் உள்ளே இருக்கும் நட்டு சுற்றிக்கொள்ளும்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே மாதத்தில் இங்கே 40 டிகிரி தாண்டுவது புதிதில்லை, நிறுத்தி வைத்த வண்டியின் மேற்பரப்பு அதற்கும் மேலே போகும். ஒன்றரை மீட்டர் பிளாஸ்டிக் பம்பர் 30 டிகிரி சூடேறினால் 3 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். அதே நீள இரும்பு அரை மில்லிமீட்டர்தான் நீளும். அதனால்தான் பம்பரில் பல துளைகள் நீள்வட்டமாக இருக்கின்றன. அங்கே பெரிய வாஷர் போட்டு இறுக்கிவிட்டால் பம்பர் நகர இடமில்லாமல் நடுவில் புடைக்கும், கிளிப்பும் உடையும். டபுள் டேப்பில் ஒட்டும் கதவுப் பட்டையை மத்தியான வெயிலில் ஒட்டவே வேண்டாம். காலையில் நிழலில், மெழுகும் பாலிஷும் போகத் துடைத்து ஒட்டுங்கள். டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை தண்ணீர் அடிக்கக் கூடாது.

சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் லைனரைத் திரும்ப மாட்டாமல் விடுகிறவர்களும் உண்டு. கண்ணில் படாத பாகம் என்பதுதான் காரணம். ஐப்பசி மழையில் சக்கரம் வாரியடிக்கும் சேறு நேராக ஒயரிங்கிலும் ஃபெண்டரின் அடி மடிப்பிலும் போய் உட்காரும். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். லைனரைக் கழற்ற வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ உள்ளே விடாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

பானட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் பூட்டை அவசியம் சோதிக்க வேண்டும். மூடியபின் உள்ளிருந்து லிவரை இழுங்கள். பானட் சற்றே எழும்பி இரண்டாவது கொக்கியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்த வண்டி சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டுக்குக்கூடப் போகக் கூடாது. நெடுஞ்சாலை வேகத்தில் பானட் எழும்பிக் கண்ணாடியில் அறைந்தால் ஓட்டுகிறவருக்கு முன்னால் எதுவுமே தெரியாது.

பம்பருக்கு முன்னால் இரும்பு கிராஷ் கார்டு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு அது விரோதம் என்று சொல்லி, நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவருக்கும் அது ஆபத்து. விபத்தில் அடிபட்ட வண்டியாக இருந்து இன்சூரன்ஸ் கேட்கப் போகிறீர்கள் என்றால், சர்வேயர் பார்க்கும் முன் ஒரு பாகத்தையும் கழற்றாதீர்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இருப்பது உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். அதன் லாக்கை உடைத்தால்தான் பழைய பம்பரிலிருந்து பிளேட் வரும், உடைந்த லாக் மறுபடி உதவாது. சாதா ஸ்குரூவில் மாட்டி ஓட்டாமல், பம்பர் வாங்கும்போதே டீலரிடம் கேட்டுப் புது லாக்குக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.