கால்சைனை மட்டும் நம்பித் தேடாதீர்கள்

நிரல் எழுதத் தெரிந்த ஹாம் ரேடியோக்காரர் (பொழுதுபோக்காக உரிமம் பெற்று வானொலியில் பேசுபவர்) என்றாவது ஒரு நாள் கால்சைன், அதாவது ஒவ்வொருவருக்கும் உரிமத்தோடு வரும் அழைப்புக்குறி, யாருடையது என்று தேடும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியே தீருவார். பெரும்பாலானோர் வானொலி உரிமம் வழங்கும் எஃப்.சி.சி.யில்தான் தொடங்குவார்கள். இந்த அமெரிக்க ஆணையம் அமெச்சூர் உரிமப் பட்டியல் முழுவதையும் வாராவாரம் ஸிப் கோப்பாக இலவசமாகத் தருகிறது.

உள்ளே இருப்பவை வெறும் டெக்ஸ்ட் கோப்புகள். புலங்களுக்கு நடுவே செங்குத்துக் கோடு, அவ்வளவுதான். பைதான் நிரல்மொழியில் இப்படிப்பட்ட கோப்புகளைப் படிக்கும் சிஎஸ்வி மாட்யூலில் பிரிப்பானை மட்டும் மாற்றி ஓட்டிவிடுவார்கள். ஆனால் இந்தக் கோப்புகளில் இரட்டை மேற்கோள் குறியும் சாதாரண எழுத்துதான். ஒரு புலம் அந்தக் குறியோடு தொடங்கிவிட்டால், அடுத்த குறி வரும்வரை உள்ள வரிகளையெல்லாம் மாட்யூல் ஒரே புலமாக விழுங்கிவிடும். பெரும்பாலும் பிழைச் செய்திகூட வராது; சிலர் பட்டியலில் இருக்க மாட்டார்கள், அவ்வளவே. மேற்கோள் கையாளுதலை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வரியிலும் புலங்களை எண்ணிப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. அமெரிக்காவில் உரிமம் 10 ஆண்டுகளுக்கு. காலாவதியானபின் புதுப்பிக்க 2 ஆண்டு அவகாசம். அதுவும் போனால் அதே கால்சைன் வேறொருவருக்குப் போகலாம். பழையவரின் வரியும் கோப்பில் அப்படியே கிடக்கும். கால்சைனைச் சாவியாக வைத்து டிக்‌ஷனரியில் ஏற்றினால், கடைசியாக வந்த வரிதான் மிஞ்சும். அது யாருடையதோ! காற்றலையில் ஒருவரை, சைலன்ட் கீ ஆகிப்போன (அதாவது காலமாகிவிட்ட) வேறொருவரின் பெயர் சொல்லி அழைப்பீர்கள். பெயர் இஎன் கோப்பில் இருக்கிறது, உரிமத்தின் நிலையோ எச்டி கோப்பில். இரண்டாம் புலத்தில் உள்ள தனி எண்ணை வைத்து இரண்டையும் இணைத்து, நிலை ‘ஏ’ என்றிருப்பதை மட்டும் எடுங்கள்.

அப்புறம், யாரோடு பேசினோம் என்று குறிக்கும் லாகில் கால்சைன் சுத்தமாக வராது. நியூயிங்டனில் உள்ள ஏஆர்ஆர்எல் என்ற அமெரிக்க ஹாம் சங்க நிலையத்தின் டபிள்யூ1ஏடபிள்யூ, சாய்கோடும் 4-உம் ஒட்டிக்கொண்டு வரலாம். ஹவாயிலிருந்து பேசுபவர் கேஎச்6 என்று முன்னால் போடுவார். சாய்கோட்டில் வெட்டி நீளமான துண்டை எடுத்தால் பெரும்பாலும் சரியாக வரும். கால்சைனைக் கண்டுபிடிக்க ‘எழுத்து, எண், எழுத்து’ என்ற ரெகுலர் எக்ஸ்பிரஷன் (தேடும் வடிவம்) நம் இந்திய வியு2-வுக்குப் போதும். எண்ணில் தொடங்கும் இலங்கையின் 4எஸ்7, சிங்கப்பூரின் 9வி1 இரண்டையும் அது கழித்துவிடும்.

முகவரியும் இஎன் கோப்பில் இருக்கிறது. பொதுத் தகவல்தான், சரி. ஆனால் பேசுகிறவர் யார், எந்த ஊர் என்று அறிய தெருப்பெயர் எதற்கு? என் ஸ்கிரிப்டில் அந்தப் புலத்தை ஏற்றுவதே இல்லை.