டென்ஸ் எல்லாம் தெரியும், வாய்தான் திறக்கவில்லை

போன வாரம் குடவாசல் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் நர்சிங் முடித்தவள். வெளிநாட்டு வேலைக்கான வீடியோ நேர்காணலில் இரண்டாவது முறையாகத் தோற்றுவிட்டு வந்திருந்தாள். பையில் மூன்று நீள நோட்டு. மூன்றிலும் டென்ஸ் அட்டவணை, ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ், சிவப்பு மையில் அடிக்கோடிட்ட விதிகள். முப்பது நாளில் சரளமாகப் பேச வைப்பதாகச் சொன்ன ஒரு பயிற்சி மையத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டியதற்குக் கிடைத்தவை அந்த நோட்டுகள். "பன்னெண்டு டென்ஸும் மனப்பாடமா சொல்லுவா டீச்சர். பேசுறதுக்குத்தான் வரமாட்டேங்குது" என்றார் அம்மா.

அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இன்றைக்கு இங்கே எப்படி வந்தாய்? உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஃபேனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அரை நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு தாளையும் பென்சிலையும் நகர்த்தி, எழுதிக் காட்டும்மா என்றேன். 'ஐ கேம் பை பஸ்' என்று உடனே எழுதினாள். ஒரு பிழை இல்லை. சரி, அதை வாசி என்றால் அதுவும் தொண்டையோடு நின்றது. நான்காவது தடவையில்தான் 'பஸ்ஸு' வரைக்கும் வந்து முடித்தாள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது.

கும்பகோணத்தில் பதினான்கு வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். மன்னார்குடியிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் இதே மாதிரி நோட்டுகளோடு பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டிய பணம் அது. எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"முதல்ல கிராமரை முழுசா முடிச்சிடுவோம், அப்புறம் பேசுவோம்." இந்த நினைப்புதான் இத்தனை பேரையும் ஊமையாக்கி வைத்திருக்கிறது. கிராமர் என்றைக்கும் முடியாது. முடியும் நாளுக்காகக் காத்திருப்பவர் என்றைக்கும் பேசப்போவதில்லை. இதைச் சொன்னால், தப்பாகப் பேசிப் பழகிவிட்டால் மாற்ற முடியாதே டீச்சர் என்கிறார்கள். பேசுகிறவரின் தவறைத் திருத்தலாம். பேசாதவரிடம் நான் எதைத் திருத்துவது?

நம் பக்கத்து ஆட்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். நாகஸ்வரம் பிறந்து வளர்ந்த மண் இது. ஒரு ராகத்தின் ஆரோகணம் அவரோகணத்தை நோட்டில் அழகாக எழுதி வைத்திருப்பவரிடம் சீவாளியைக் கொடுத்து, இன்றைக்கு முகூர்த்தம், வாசியுங்கள் என்பீர்களா? விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்த உதட்டுக்குத்தான் காற்று அடங்கும். பேச்சும் அப்படித்தான். நாக்கு, உதடு, மூச்சு, காது எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. பேச்சில் ஒருவர் முடித்தால் மற்றவர் ஒரு நொடிகூட ஆகாமல் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். அதற்குள் இது பிரசன்ட் பெர்ஃபெக்டா, சிம்பிள் பாஸ்ட்டா என்று அட்டவணையைப் புரட்ட நேரம் கிடையாது. வாக்கியம் முன்பே வாயில் பழகியிருக்க வேண்டும்.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு அளவுகோல், நான்குக்கும் சமமான மதிப்பு. அதாவது இலக்கணம் கால் பங்கு. அந்தக் கால் பங்குக்கே மூன்று நோட்டும் போய்விட்டால் மற்ற முக்கால் பங்கை எப்போது படிப்பது? நர்சுகள் எழுதும் ஓஇடி தேர்வின் பேச்சுப் பகுதியில் நோயாளியிடம் பேசுவது போல இரண்டு ரோல் பிளே வரும். பயந்துபோன ஒரு நோயாளிக்கு ஆறுதல் சொல்லத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பேசிவ் வாய்ஸை வரையறுக்கச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்தது, "நம்ம ஊர் நாக்குக்கு வராது." வலங்கைமானில் 1869-ல் பிறந்து கும்பகோணத்தில் படித்த சீனிவாச சாஸ்திரியை, அவருடைய ஆங்கிலப் பேச்சுக்காக வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று பிரிட்டிஷ் பேரரசு முழுக்கப் புகழ்ந்தார்கள். நாக்கில் ஒரு குறையும் இல்லை. தமிழ் பழக்கிய சில பழக்கங்கள் அதில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்தப் பெண் சொன்ன 'பஸ்ஸு'வையே எடுத்துக்கொள்வோம். தமிழ்ச் சொல் வல்லினத்தில் முடியாது. அதனால் புக், லைட், கப் எல்லாம் நம் வாயில் புக்கு, லைட்டு, கப்பு ஆகின்றன. அதே வழக்கத்தில் பஸ்ஸும் பஸ்ஸு ஆகிறது. இது நம் குற்றியலுகரத்தின் வேலை, அறியாமை அல்ல. ஆங்கிலம் பேசும்போது கடைசி எழுத்தில் நிறுத்திக்கொள்ளப் பழகினால் போதும். அதேபோல 'ப' என்ற ஒரே எழுத்தைப் 'பல்' என்பதில் ஒரு மாதிரியும் 'அம்பு' என்பதில் வேறு மாதிரியும் ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் தனித்தனி எழுத்து. ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பென்' (Pen) என்று சொல்லுங்கள். காகிதம் ஆட வேண்டும். ஆடாவிட்டால் வெள்ளைக்காரர் காதில் அது 'Ben' என்ற ஆள் பெயராக விழலாம். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது முதல் நாள் யாருடைய காகிதமும் ஆடுவதில்லை. மூன்றாம் நாள் எல்லாருடையதும் ஆடுகிறது.

இவற்றைவிட முக்கியம் அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல்லின் பொருள் மாறாது, அதனால் நம் காது அதைக் கவனிப்பதே இல்லை. டெவலப் என்பதில் நாம் 'டெ'யை அழுத்துகிறோம், அங்கே அழுத்தம் நடுவில் இருக்கிறது. ஹோட்டலில் கடைசியில். இதெல்லாம் பரவாயில்லை, புரிந்துகொள்வார்கள். ஆனால் ஃபிஃப்டீனையும் ஃபிஃப்டியையும் ஒரே மாதிரிச் சொன்னால்? ஃபிஃப்டியில் அழுத்தம் முன்னால், ஃபிஃப்டீனில் பின்னால் விழ வேண்டும், அந்த 'டீ' நீளவும் வேண்டும். வார்டில் டியூட்டி மாறும்போது 15 மில்லிகிராம் என்று நீங்கள் சொன்னது அடுத்த நர்ஸ் காதில் 50 என்று விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நர்சிங் பிள்ளைகளே, தயவுசெய்து இந்த ஒன்றையாவது இன்றைக்கே பழகுங்கள். சந்தேகம் வந்தால் 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று பிரித்துச் சொல்லுங்கள்.

அமெரிக்கர் மாதிரிப் பேச வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை. கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிய வேண்டும். 'வாட்டர்' என்பதை 'வாடர்' என்று குழைப்பதற்கு ஒரு வகுப்பு, அதற்கு ஒரு கட்டணம். வேண்டாம், விட்டுவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் கோபமாகவே. பிள்ளை துணிந்து ஒரு வாக்கியம் பேசினால் "என்ன, பீட்டர் விடுறியா?" என்று கேட்கிறீர்களே, அந்த ஒரு கேள்வி என் ஒரு மாத உழைப்பைக் கரைத்துவிடுகிறது. அண்ணன்மார்களும் அத்தைமார்களும் இதைச் செய்யாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. வயதாகிவிட்டது என்று கூச்சப்படுகிறவர்களுக்கும் ஒரு சங்கதி: 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, இருபத்து நாலை எட்டிய ஆள், திண்ணைப் பள்ளிக் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் பழகினார். பிறகு அதே தமிழில் புதிய ஏற்பாட்டையே மொழிபெயர்த்தார். குழந்தைகள் அவருடைய உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்திருந்தாலும் அவர் எழுந்து போகவில்லை.

சரி, என்ன செய்வது? தினமும் இருபது நிமிடம் வாய்விட்டுப் பேசுங்கள். மனதுக்குள் பேசுவது கணக்கில் வராது. பிபிசி லேர்னிங் இங்கிலிஷில் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' என்ற நிகழ்ச்சி இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு வரியைக் கேட்டு நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்லுங்கள். எங்கள் தொழிலில் ஷேடோயிங் என்று, கேட்கக் கேட்க நிழல் மாதிரிக் கூடவே சொல்லும் ஒரு பயிற்சி உண்டு, அதற்கு இதுதான் முதல் படி. ஒரே நிகழ்ச்சியை ஒரு வாரம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள், நாளுக்கொன்றாகத் தாவ வேண்டாம். பிறகு அன்று காலையில் நடந்ததை இரண்டு நிமிடம் சொல்லி செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்க முதல் வாரம் பிடிக்காது, அதற்காக நிறுத்திவிடாதீர்கள். எங்கே திக்கினீர்களோ அந்த வாக்கியத்தை மட்டும் எழுதிச் சரிபாருங்கள். இலக்கணப் புத்தகத்தைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான்.

பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த மையத்தில் ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று கடிகாரத்தில் பாருங்கள். ஆசிரியர் மட்டுமே பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். மேட்டூர் திறந்த அன்றே கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்லை என்பது தெரிந்த நாம், முப்பது நாள் விளம்பரத்தை மட்டும் எப்படி நம்புகிறோம்? நேர்காணல் தேதி வந்த பிறகு என்னிடம் ஓடி வராதீர்கள். ஆறு மாதம் முன்னால் வாருங்கள்.

குடவாசல் பெண்ணின் மூன்று நோட்டையும் வாங்கி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். வாரம் மூன்று நாள் வருகிறாள். நாச்சியார்கோயில் தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியே பார்ப்பதையெல்லாம் முணுமுணுப்பாகவாவது ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் அதில் ஐந்தை என்னிடம் உரக்கச் சொல்ல வேண்டும். நேற்று மூன்று சொன்னாள்.